தீவு ஓட்டலில் அப்பா பேசிய இங்கிலீஷ்

1

போன ஞாயிற்றுக்கிழமையோடு எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தோரு வருடம் ஆகிறது. காலைப் பூசை முடிந்ததும் நானும் என் கணவர் சேவியரும் வழக்கம்போலத் தீவு ஓட்டலுக்குச் சாப்பிடப் போனோம். அதன் உண்மைப் பெயர் வேறு. எங்கள் வீட்டில் அது எப்போதும் தீவு ஓட்டல்தான். அமெரிக்காவில், பிளெய்ன்ஸ்பரோ என்ற ஊரில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து அரைமணி நேரம் காரில் போனால், ஒரு டயர் கடைக்கும் ஒரு மெத்தைக் கடைக்கும் நடுவில், கூரை இரண்டு முனையிலும் படகு மாதிரித் தூக்கிக்கொண்டு நிற்கும்.

இந்த ஊரில் இப்படிப்பட்ட இடத்துக்கு டிக்கி பார் என்று பெயர். ஐம்பது அறுபது வருடங்களுக்கு முன் அமெரிக்கர்களுக்குத் தென்கடல் தீவுகள் மீது ஒரு மோகம் இருந்திருக்கிறது. எல்லோராலும் அங்கே போக முடியாது என்பதால் தீவையே இங்கே கட்டிக்கொண்டார்கள். சுவரெல்லாம் மூங்கில். கூரையில் ஓலை. வயிறு உப்பிய பேத்தை மீனைக் காயவைத்து, அதற்குள் பல்பைப் போட்டு விளக்காகத் தொங்கவிட்டிருப்பார்கள். மூலைக்கு மூலை பல்லைக் காட்டிக்கொண்டு மரத்தில் செதுக்கிய சாமிகள். சாப்பாடு சீனச் சாப்பாடு. குடிப்பதற்கு அன்னாசிச் சாறும் ரம்மும் கலந்து, முகம் வைத்த மண் குவளையில், மேலே ஒரு காகிதக் குடை குத்தி வரும். பெரும்பாலான இடங்களை இடித்துவிட்டார்கள். எங்களுடையது தப்பித்துக் கிடக்கிறது. செயற்கை அருவியில் தண்ணீர் நின்று பல வருடம் ஆகிறது. சிவப்பு இருக்கைகளின் கிழிசலை டேப் ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

ஓட்டலின் சொந்தக்காரர் மிஸஸ் லின். தைவானிலிருந்து வந்தவர். எழுபதைத் தாண்டிவிட்டார். கணவர் இறந்தபிறகும் அவர்தான் வாசலில் நின்று எல்லோரையும் உட்காரவைக்கிறார். எங்களைப் பார்த்ததும் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார்.

“வேர் இஸ் சீஃப்?” என்று கேட்டார்.

சீஃப் என்று அவர் கேட்டது என் அப்பாவை. அப்பா ஊருக்குத் திரும்பி ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகிறது. அதைப் போன வருடமே மிஸஸ் லின்னிடம் சொல்லியிருந்தேன். மறுபடியும் சொன்னேன். “யெஸ், யெஸ்” என்று தலையாட்டிவிட்டு, எங்களை அப்பா உட்கார்ந்த அதே மேசைக்குக் கூட்டிப்போனார். அந்த மேசையில் நடந்ததைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

2

முதலில், நாங்கள் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

கல்யாணமாகி மூன்றாவது வாரம். நெவார்க்கில் வந்து இறங்கி ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. இங்கே எதற்கெடுத்தாலும் கேட்கும் அடையாள எண்ணான சோஷியல் செக்யூரிட்டி நம்பரை எனக்கு வாங்க வேண்டும் என்று சேவியர் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டுக் கூட்டிப்போனார். வரிசையில் இரண்டு மணி நேரம் நின்றோம். கண்ணாடிக்குப் பின்னாலிருந்த அம்மாள் என் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மனைவி விசாவில் வந்தவளுக்கு நம்பர் கிடையாது என்று சிரித்த முகத்தோடு சொன்னார். “அப்ப நான் இங்க யாரு?” என்று வெளியே வந்து சேவியரிடம் கேட்டேன். “மிஸஸ் சேவியர்” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மழை வேறு. திரும்பும் வழியில் ரோட்டோரத்தில் பச்சை விளக்கில் ஒரு தென்னைமரம் மின்னியது.

“ஏய், கேரளா ஓட்டல் மாதிரி இருக்குடி. வா, மீன் குழம்பு கெடைக்கும்” என்று சேவியர் காரைத் திருப்பினார். அவர் பெரம்பூர்க்காரர். தூத்துக்குடிப் பெண்ணுக்கு மீனைக் காட்டினால் அழுகை நிற்கும் என்று அவருக்கு அதற்குள் தெரிந்திருந்தது.

கதவைத் திறந்தால் உள்ளே இருட்டு. வாசலிலேயே ஆளுயரத்துக்கு ஒரு மரச்சாமி. கட்டிக்கொண்டிருக்கும் வீட்டு முன்னால் தொங்கும் திருஷ்டி பொம்மைக்கு உடம்பு முளைத்த மாதிரி. நான் சிலுவை போட்டுக்கொண்டுதான் உள்ளே நுழைந்தேன். மீன் குழம்பு இல்லை. ஆனால் சுடச்சுட நூடுல்ஸும், இனிப்புப் பூசிய பன்றி விலாவும் வந்தன. பணியாள் பானம் கேட்டபோது, ரம் இல்லாமல் அந்த அன்னாசிச் சாறு மட்டும் வேண்டும் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன்.

“யூ வான்ட் இட் வர்ஜின்?” என்று அவர் கேட்டார்.

கன்னி என்ற சொல்லை நான் ஜெபங்களில் மட்டுமே கேட்டிருக்கிறேன். மூன்று வாரத்துக்கு முன் கல்யாணமான பெண்ணிடம் ஒரு அந்நிய ஆண் இப்படிக் கேட்கிறாரே என்று எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. “நோ, நோ, மேரீட்” என்று சேவியரைக் காட்டினேன். சேவியர் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். மது கலக்காத பானத்தை இங்கே வர்ஜின் என்பார்களாம். அன்றைய அழுகை அங்கே நின்றது. அதிலிருந்து ஒவ்வொரு திருமண நாளுக்கும் தீவு ஓட்டல்.

3

என் அப்பா பெயர் மரியதாஸ். முப்பத்தொரு வருடம் சரக்குக் கப்பல்களில் சமையல்காரராக இருந்தவர். கடைசிப் பதினைந்து வருடம் சீஃப் குக். ஒன்பது மாதம் கடலில் இருப்பார், மூன்று மாதம் வீட்டில் இருப்பார். நான் வளர்ந்த காலத்தில் அப்பா என்றால் ஒரு பெரிய பெட்டி, அதைத் திறந்ததும் வரும் சீமைச் சோப்பு வாசனை, அம்மாவின் முகத்தில் வரும் வெட்கம், அவ்வளவுதான். அவரோடு கூச்சம் விட்டுப் பேச ஆரம்பிக்க எனக்கு இரண்டு மாதம் ஆகும். மூன்றாவது மாதம் அவர் கிளம்பிவிடுவார்.

வீட்டில் இருக்கும்போது அம்மா அவரை அடுப்பங்கரைப் பக்கமே விடமாட்டாள். “கப்பல்ல ஆக்குனது போதும். இங்க உக்காந்து தின்னுங்க” என்பாள். ஊருக்கெல்லாம் சமைத்துப் போட்ட மனிதர் ஒரு முட்டையை உடைத்து நான் பார்த்ததில்லை.

அம்மா இறந்தபிறகு தூத்துக்குடி வீட்டில் அவர் தனியாக இருந்தார். நான் ஒரே பிள்ளை. அவரை இங்கே கூட்டிவரக் கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்தேன். ஒன்றரை வருடம் காகிதத்தோடு போராட்டம். பிறப்புச் சான்றிதழ் கிடையாது. கோயிலில் ஞானஸ்நானப் பதிவேட்டில் மரியதாசன், பாஸ்போர்ட்டில் மரியதாஸ், கப்பல் புத்தகத்தில் தாஸ் மரியா. மூவரும் ஒரே ஆள்தான் என்று சத்தியம் செய்து பத்திரம் எழுதி அனுப்பினோம். பதினாறு வயதிலிருந்து வசித்த எல்லா விலாசமும் எழுத வேண்டும் என்று ஒரு படிவம் கேட்டது. அப்பாவுக்கு ஃபோன் போட்டேன்.

“எம்மா, நான் கப்பல்லல்லா கெடந்தேன். அதுக்கு ஏது டோர் நம்பர்?” என்றார்.

ஒரு வழியாக ஒரு மார்ச் மாதம் வந்து சேர்ந்தார். கார் வீட்டுக்குள் நுழையும் முன்பே அவரிடம் ஒரு விஷயம் கேட்டுக்கொண்டேன். என் மகள் ரியாவுக்கு அப்போது பதினாறு முடியவில்லை. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை ஒன்பது வயதில் விட்டவள். நாம் பேசினால் புரியும். பதில் ஆங்கிலத்தில்தான் வரும்.

“அப்பா, பாப்பாகிட்ட தமிழ்லயே பேசுங்க. நீங்க ஒரு ஆள் இங்கிலீஷ் தெரியாத மாதிரி இருந்தாத்தான் அவளுக்குத் தமிழ் வரும்.”

“சரிம்மா” என்றார்.

அப்படியே செய்தார். “பாப்பா, சாப்டியா?” என்பார். “யா, தாத்தா” என்பாள். “ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?” என்பார். அவள் யோசிப்பாள். சொல்ல நினைப்பது ஆங்கிலத்தில் இருக்கும், சொல்ல முடிந்தது தமிழில் இருக்காது. “ஒண்ணும் இல்ல” என்பாள். ஒரே சோபாவின் இரண்டு முனையில் இரண்டு பேரும் உட்கார்ந்திருப்பார்கள். டாக்டரிடம், வங்கியில், கோயிலில், எங்கே போனாலும் அப்பாவுக்குப் பதில் நானே பேசினேன். அவரும் விட்டுவிட்டார். எனக்கும் அவர் இங்கிலீஷ் எவ்வளவு என்று தெரியாது. தெரிந்துகொள்ளத் தோன்றவும் இல்லை.

ஒருநாள் ரியாவைப் பள்ளியில் இறக்கிவிடும்போது, தாத்தாவுக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்று நினைப்பதாகச் சொன்னாள். “சும்மா இரு, அவர் அப்படித்தான், அமைதியான டைப்” என்றேன். அந்தக் குளிர்காலத்தில்தான் அப்பா ஊருக்குத் திரும்பும் டிக்கெட்டைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார். பனி கரையட்டும் என்றேன். பனி கரைந்ததும், ஆறு மாதத்துக்கு மேல் அமெரிக்காவுக்கு வெளியே இருந்தால் ஏர்போர்ட்டில் கேள்வி கேட்பார்கள், ஒரு வருடம் தாண்டினால் கார்டு போய்விடும் என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, மறு வாரமும் அதையே கேட்பார்.

4

அப்பா வந்து பதினான்கு மாதம் ஆனபோது எங்களுடைய பத்தொன்பதாவது திருமண நாள் வந்தது. அதற்கு முந்தின வருடம் அவருக்குக் காய்ச்சல் என்று நாங்கள் போகவில்லை. இந்த முறை நான்கு பேருமாகப் போனோம். திருமண நாளுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் இரண்டு மணி இருக்கும். கூட்டம் இல்லை. அப்பா கோயிலுக்குப் போட்ட முழுக்கை வெள்ளைச் சட்டையோடு வந்திருந்தார். வாசலில் நின்ற மரச்சாமியை மேலும் கீழும் பார்த்தார். தொங்கும் பேத்தை மீனைப் பார்த்து, “இதப் போய்த் தூக்கி மாட்டியிருக்கான்” என்றார். எங்கள் ஊர்க் கரையில் வலையில் சிக்கினால் தூக்கி எறியும் மீன் அது.

சேவியர் எல்லோருக்குமாகப் பூ பூ பிளாட்டர் சொன்னார். நடுவில் சின்னதாகத் தீ எரிய, அதைச் சுற்றி விலா எலும்பு, பொரித்த இறால், குச்சியில் குத்திய இறைச்சி எல்லாம் அடுக்கி, வட்ட மரத்தட்டில் வரும்.

“என்னது? பூ பூவா?” என்று அப்பா மெனுவைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

“ஸ்டார்ட்டர் மாமா. எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் மிக்ஸ் பண்ணி வரும்.”

“பிள்ளைக்குப் பூவா ஊட்டுறதுன்னு நாம சொல்லுதோம். இவன் அதையே அச்சடிச்சு வச்சிருக்கான்!” என்று அப்பா சிரித்தார். அமெரிக்காவுக்கு வந்து அவர் சத்தமாகச் சிரித்தது அப்போதுதான். ரியா என்ன என்று கேட்டாள். குழந்தைகளுக்குச் சோற்றைப் பூவா என்று சொல்லுவோம் என்று நான் விளக்க, அந்த விளக்கத்தில் சிரிப்பு போய்விட்டது. அவள் மறுபடி ஃபோனைப் பார்க்க ஆரம்பித்தாள்.

சேவியருக்கு மை டாய் என்ற கலவைப் பானம் வந்தது. அப்பா குவளையை வாங்கி முகர்ந்து பார்த்தார்.

“மாப்ள, ரெண்டு ரம்மு ஊத்தியிருக்கான். ஒண்ணு வெள்ள, ஒண்ணு கறுப்பு. பாதாம் சர்பத்து இருக்கு. லைம் மட்டும் பாட்டில் சரக்கு.” பிறகு சாதாரணமாக, “எனக்கும் ஒரு ரம்மு சொல்லுங்க” என்றார்.

“அப்பா! நீங்க குடிக்க மாட்டீங்களே?”

“வீட்டுக்குள்ள குடிக்க மாட்டேன். உங்கம்மாவுக்குக் குடுத்த வாக்கு. இது வீடா?”

அதற்குள் மிஸஸ் லின் எங்கள் மேசைக்கு வந்தார். நான் வழக்கம்போல வாயைத் திறந்தேன். அப்பா எனக்கு முன்னால் பேசிவிட்டார்.

“மேடம், ஒன் டார்க் ரம். நோ ஐஸ். நோ அம்ப்ரெல்லா.”

மிஸஸ் லின் சிரித்துவிட்டார். “யூ நேவி?” என்று கேட்டார்.

“நோ, நோ. மெர்ச்சன்ட் ஷிப். சீஃப் குக். தர்ட்டி ஒன் இயர்ஸ்.”

இலக்கணம் ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனால் ஒரு தயக்கம் இல்லை. முப்பது நாட்டு ஆட்களுக்குச் சோறு போட்ட இங்கிலீஷ் அது. நேராக வந்தது. நீங்கள் எந்த ஊர் என்று அப்பா மிஸஸ் லின்னைக் கேட்டார். அவர் தைவானில் ஒரு துறைமுகத்தைச் சொன்னதும், அந்தத் துறைமுகத்தின் வாசலில் விடியற்காலையில் சோயாப் பாலும் நீளமாகப் பொரித்த ரொட்டியும் விற்கும் வரிசைக் கடைகளைப் பற்றி அப்பா சொன்னார். மிஸஸ் லின் மேசை மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டார். அந்தக் கடைகளில் ஒன்றில்தான் பள்ளிக்குப் போகும் முன் அவர் சாப்பிடுவாராம்.

ரியா ஃபோனைக் கீழே வைத்திருந்தாள். தாத்தாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தாத்தா, நீங்க ஹவாய்க்குப் போயிருக்கீங்களா?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

அப்பா என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான். பிறகு அவளிடம் திரும்பினார்.

“ஹவாய், டூ டைம். ஃபிஜி, ஃபைவ் சிக்ஸ் டைம். தஹிதி, ஒன் டைம். ஒன்லி நைட். ரெயினிங். ஐ ஸீ நத்திங்.”

ரியா வாய்விட்டுச் சிரித்தாள். அந்த மரச்சாமிகளெல்லாம் நிஜமா என்று கேட்டாள். “நோ ஒரிஜினல். டீத் டூ மச் க்ளீன்” என்றார். ரம் வந்தது. அவர் அதை மெதுவாக, ஒவ்வொரு மிடறாக, மரியாதையாகக் குடித்தார். விலா எலும்பைக் கடித்துவிட்டு, யார் சமைத்தது என்று விசாரித்தார். கொழுந்தன் என்றார் மிஸஸ் லின். அடுப்பைப் பார்க்கிறீர்களா சீஃப் என்று அவரே கேட்டார்.

அப்பா எழுந்து சட்டைக் கையை மடித்தார். “கம், பாப்பா. ஐ ஷோ யூ.”

5

நானும் சேவியரும் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தோம். நடுவில் எரிந்த தீ அணைந்துவிட்டது. உள்ளேயிருந்து சட்டியில் கரண்டி மோதும் சத்தமும், ரியாவின் சிரிப்பும் வந்துகொண்டிருந்தன.

“இவர் இவ்ளோ பேசுவாருன்னு உனக்குத் தெரியுமா?” என்றார் சேவியர்.

தெரியாது என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. எழுந்து போனேன். சமையலறைக் கதவில் வட்டமாக ஒரு கண்ணாடி உண்டு. அதன் வழியாகப் பார்த்தேன். அப்பா இடுப்பில் துணி கட்டிக்கொண்டு பெரிய இரும்புச் சட்டியின் முன்னால் நின்றார். இடது கையால் சட்டியைத் தூக்கி ஒரு வீசு வீசினார். சோறு மொத்தமாக மேலே எழும்பித் திரும்பி விழுந்தது. ஒரு பருக்கை வெளியே சிந்தவில்லை. ரியா பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தாள். மிஸஸ் லின்னின் கொழுந்தன் கைதட்டினார். என் அப்பாவை அவருடைய வேலையில் நான் அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். எனக்கு நாற்பத்தாறு வயது. உள்ளே போகவில்லை. அந்தக் கண்ணாடிக்குப் பின்னாலேயே நின்றேன்.

அன்னாசித் துண்டும் முட்டையும் போட்ட சோற்றுத் தட்டை ரியா தூக்கிக்கொண்டு வந்தாள். நேராக என்னிடம் கேட்டாள்.

“தாத்தாவுக்கு இங்கிலீஷ் தெரியும்னு நீ ஏன் எங்கிட்ட சொல்லல அம்மா?”

கேட்டது ஆங்கிலத்தில். குரலில் கோபம் இருந்தது. எனக்கே தெரியாது என்று சொல்வதா, நான்தான் பேசவேண்டாம் என்றேன் என்று சொல்வதா என்று விளங்காமல், “சாப்பிடு, ஆறிடும்” என்றேன்.

அதற்குள் மிஸஸ் லின் அப்பாவிடம், வாரா வாரம் வாருங்கள், எனக்கு ஒத்தாசையாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

“நோ, மேடம். ஐ ஃபினிஷ் ஹியர். நெக்ஸ்ட் மந்த் ஐ சைன் ஆஃப்.”

சைன் ஆஃப் என்பது கப்பல்காரர்கள் பேச்சு. ஒப்பந்தம் முடிந்து கப்பலைவிட்டு இறங்குவது. அம்மா அந்தச் சொல்லுக்காகவே கடிதங்களைப் பிரிப்பாள். ‘ஏப்ரலில் சைன் ஆஃப்’ என்று ஒரு வரி இருந்தால் போதும், பக்கத்து வீடுகளுக்கெல்லாம் போய்ச் சொல்லிவிட்டு வருவாள். அந்தச் சொல்லை அப்பா என் வீட்டைப் பற்றிச் சொல்லுகிறார் என்று எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. பிறகு என்ன சாப்பிட்டேன் என்று நினைவில்லை.

6

வீட்டுக்கு வந்ததும் கேட்டுவிட்டேன். வெளியே இன்னும் வெயில் இருந்தது. அப்பா பின்பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

“என் வீடு உங்களுக்குக் கப்பலாப்பா?”

அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டார்.

“தப்பா எடுத்துக்காத எம்மா. கப்பல்ல நான் நல்லாத்தான் இருந்தேன். எல்லாரும் மரியாதையாத்தான் வச்சிருந்தாங்க. ஆனா எப்ப எறங்குவோம்னு தெரிஞ்சாத்தான் அங்க தூக்கம் வரும். உங்கிட்ட ஆறு மாசமா தேதி கேக்கேன். நீ கார்டப் பத்திச் சொல்லுத.”

“உங்களத் தனியா விட்டுட்டு நான் எப்படிப்பா நிம்மதியா இருப்பேன்?”

“நான் எத்தன வருசம் உங்கள விட்டுட்டு இருந்தேன். நிம்மதியா இருந்தேன்னா நெனைக்க? ஆனாலும் இருந்தேம்லா.”

எனக்குக் கேட்க இன்னொன்று இருந்தது. “சரி, பாப்பாகிட்ட ஏன் இத்தன நாளா இங்கிலீஷ்ல பேசல? நான் ஒரு பேச்சுக்குச் சொன்னத அப்படியே பிடிச்சுக்கணுமா? உங்களுக்கு அவளப் பிடிக்கலன்னு நெனச்சிட்டா.”

அப்பா நிமிர்ந்து பார்த்தார். அது அவருக்குத் தெரியாது போலிருக்கிறது.

“உன்னையே எனக்கு வளக்கத் தெரியாது. மூணு மாசம் லீவுக்கு வந்து போனவன் நான். உம்பிள்ளைய எப்படி வளக்கணும்னு நீ சொல்லுத. அதுல நான் கைய வைக்கலாமா?”

நான் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் என் தலையில் கை வைத்தார். சின்ன வயதிலும் அப்படி வைத்திருப்பார். எனக்கு நினைவில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன் ரியா என்னிடம் வந்து, தாத்தா சொன்ன சூவா அம்மாள் கதை எனக்குத் தெரியுமா என்று கேட்டாள். தெரியாது. அவள் ஆங்கிலத்தில் சொன்னாள். சூவா என்பது ஃபிஜித் தீவில் ஒரு துறைமுகம். அங்கே சந்தையில் அப்பாவும் கூட வேலை பார்த்த ஒருவரும் தமிழில் பேசிக்கொண்டு போயிருக்கிறார்கள். சேப்பங்கிழங்கு விற்ற ஒரு பெண் ஓடிவந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “வா, தின்னு, தூங்கு” என்றிருக்கிறாள். அவ்வளவுதான் அவளுக்குத் தமிழ். கரும்புத் தோட்டத்துக்கு வந்த முன்னோர்களிடமிருந்து அவள் வரைக்கும் வந்து சேர்ந்தது மூன்றே சொல். அதற்குமேல் இங்கிலீஷில் பேசி, வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறு போட்டாள். அதன்பின் கப்பல் அங்கே போகும்போதெல்லாம் அப்பா அவள் வீட்டுக்குப் போனாராம்.

“தன்கூடப் பிறந்த தங்கச்சி மாதிரின்னு சொன்னார். ஆனா அவங்க ரெண்டு பேரும் பேசினது பூரா இங்கிலீஷ்தானாம்” என்றாள் ரியா.

என் அப்பாவின் கதையை, என் மகள் ஆங்கிலத்தில் சொல்லக் கேட்டு நான் தெரிந்துகொண்டேன். வேறு யார் எனக்குச் சொல்லியிருப்பார்கள்?

7

நான் கெஞ்சியும் மசியாதவர், பள்ளிக்கூடம் திறக்கும்வரை இருங்கள் என்று ரியா ஒரு தடவை கேட்டதும், “ஓகே பாப்பா, செப்டம்பர்” என்றுவிட்டார். தேதி தெரிந்ததும் அவருக்கு உண்மையிலேயே நல்ல தூக்கம் வந்தது. காலையில் எழுந்து விசிலடித்துக்கொண்டு முகச்சவரம் செய்தார்.

அந்தக் கோடையில் ரியா கார் ஓட்ட லைசென்ஸ் வாங்கியிருந்தாள். புதன்கிழமை தோறும் மத்தியானம் இரண்டு பேரும் தீவு ஓட்டலுக்குக் கிளம்பிவிடுவார்கள். என்னைக் கூப்பிடவில்லை. நானும் போகவில்லை. திரும்பி வரும்போது ஏதாவது பொட்டலம் இருக்கும். ஒருநாள் அப்பா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்தார். பாட்டில் லைம் சாற்றை விடச் சொல்லி மிஸஸ் லின்னோடு சண்டையாம். அடுத்த வாரம் ஒரு பெட்டி நிஜ லைம் வந்து இறங்கியதாம். இப்போதும் அங்கே பிழிந்துதான் ஊற்றுகிறார்கள். போன ஞாயிறு சேவியர் குடித்துப் பார்த்து உறுதி செய்தார்.

ரியாவின் தமிழ் வளரவில்லை. டேய் என்பதற்கு எங்கள் ஊரில் சொல்லும் “ஏல” என்ற ஒரு சொல்லைத்தான் தாத்தாவிடமிருந்து பொறுக்கினாள். அதையும் ஒருநாள் சேவியரிடமே பிரயோகிக்க, அவர் கையிலிருந்த காபியைக் கொட்டிக்கொண்டார். ஆனால் சோபாவின் நடுவில் இடம் போதாமல் போனது. இரண்டு பேரும் ஒரே ஃபோனில் உலக வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு துறைமுகமாகப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கார்டைத் திருப்பிக் கொடுக்க ஒரு படிவம் உண்டு. வாங்குவதற்கு நான் நிரப்பிய கட்டோடு பார்த்தால் இது இரண்டே பக்கம். காரணம் என்ன என்று ஒரு கட்டம். ‘குடும்பச் சூழ்நிலை’ என்று எழுதலாம் என்றேன். அப்பா பேனாவை வாங்கி, பெரிய எழுத்தில், ஒவ்வொரு எழுத்தாக, ‘என் வீட்டில் வாழ விரும்புகிறேன்’ என்று ஆங்கிலத்தில் தானே எழுதினார். ரியா எழுத்துப்பிழை பார்த்தாள். பிழை இல்லை. ஒன்றரை வருடம் அலைந்து வாங்கிய அட்டையைக் கவரில் போட்டு நானே தபால் நிலையத்தில் சேர்த்தேன். பெட்டிக்குள் விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

நெவார்க் ஏர்போர்ட்டில் அப்பா என்னிடம், “அழாத எம்மா, போய்ட்டு வாரேன்” என்றார். வரமாட்டார் என்று இரண்டு பேருக்கும் தெரியும். ரியாவைக் கட்டிக்கொண்டு காதில் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று அவள் இதுவரை சொல்லவில்லை.

8

ரியா இப்போது டெக்சாஸில், ஆஸ்டினில் படிக்கிறாள். கோடை விடுமுறைக்கும் அங்கேயே ஏதோ இன்டர்ன்ஷிப். எங்களை வாரத்துக்கு ஒருமுறை கூப்பிடுவாள். பெரும்பாலும் ஏதாவது பாஸ்வேர்டு வேண்டும்போது.

ஓட்டலில் மிஸஸ் லின் எங்களை மேசையோடு சேர்த்து ஒரு படம் எடுத்துக் கொடுத்தார். அதை அப்பாவுக்கு அனுப்பிவிட்டு, மறுநாள் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வேலைக்குக் கிளம்பும் முன் அவருக்கு ஃபோன் போட்டேன். தூத்துக்குடியில் மாலை நாலரை. பகல் தூக்கம் முடிந்து எழுந்திருப்பார். வேறொரு அழைப்பில் இருக்கிறார் என்று திரையில் வந்தது. அப்பாவை அந்த நேரத்தில் யார் கூப்பிடப்போகிறார்கள் என்று நினைத்தபடி, ரியாவிடமாவது ஒரு வார்த்தை பேசலாம் என்று அவளுக்குப் போட்டேன். ஆஸ்டினில் அப்போது காலை ஆறு மணி. எங்கள் வீட்டில் இருந்தவரை ஏழரைக்கு நான்கு தடவை எழுப்பினால்தான் எழுந்திருப்பாள். தூங்கிக்கொண்டிருப்பாள் என்றுதான் நினைத்தேன்.

அவளும் வேறொரு அழைப்பில் இருந்தாள்.

“என்ன, யாரும் எடுக்கலையா?” என்றார் சேவியர், ஷூ மாட்டிக்கொண்டே.

“பேசிட்டு இருக்காங்க.”

“யாரு?”

“ரெண்டு பேரும்.”

அவர் ஒரு ஷூவோடு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். புரிந்ததும் அவர் முகம் மலர்ந்தது. “தாத்தாவும் பேத்தியும் காலங்காத்தால அப்படி என்ன பேசுவாங்க?” என்றார்.

எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். பத்து நிமிடம் கழித்து ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். ஆபீஸ் பார்க்கிங்கில் காரை நிறுத்திவிட்டு இன்னொரு தடவை போட்டேன். இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு மீட்டிங்குக்கு நேரமாகிவிட்டது. ஆனாலும் கதவைத் திறக்காமல், பேச்சு முடியாத அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் காரிலேயே உட்கார்ந்திருந்தேன்.